காடு கூடியது என்றால் எது கூடியது? நீலகிரியை வைத்து ஒரு விளக்கம்

2024 டிசம்பரில் வெளியான இந்திய வன நிலை அறிக்கை, நாட்டின் காடும் மரப்பரப்பும் இரண்டு ஆண்டுகளில் 1,445 சதுர கிலோமீட்டர் கூடியிருப்பதாகச் சொன்னது. அடுத்த ஏப்ரலில் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வரையாடுகளின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் 1,031-லிருந்து 1,303 ஆக உயர்ந்திருந்தது. அதே கோடையில், நீலகிரிக்குள் வரும் சுற்றுலா வண்டிகளுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது.

மூன்று செய்திகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு, காடு வளர்கிறது, விலங்கு பெருகுகிறது, கூட்டமும் கட்டுக்குள் வருகிறது என்றுதான் தோன்றும். ஆனால் நீலகிரியின் மேல்மலையில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்வது வேறு. அங்கே இருந்த இயற்கையான நிலத்தில் பெரும்பகுதி போய்விட்டது, போனதற்கு முக்கியக் காரணமே மரம் என்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். எப்படி என்று புரிய, சூழல் மண்டலம், காடு, இனக்கூட்டம் என்ற மூன்று சொற்களைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். செய்தியில் வரும் எண் எந்த நிலத்தின் எண், எதை எண்ணியது என்று கேட்காதவரை, அந்த எண் நமக்கு எதையும் சொல்லாது என்பதே என் வாதம்.

சூழல் மண்டலம் என்பது

ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1935-ல் இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தார். ஓரிடத்தில் வாழும் உயிர்களையும், அவை வாழும் மண், நீர், காற்று, வெயில் ஆகியவற்றையும் பிரிக்காமல் ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்றார். அதுவரை செடி தனி, மண் தனி என்று படித்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். இந்த அமைப்புக்குள் மூன்று ஓட்டங்கள் நடக்கின்றன.

1. ஆற்றலின் ஓட்டம். வெயிலைப் பச்சைத் தாவரம் உணவாக்குகிறது. தாவரத்தை மேய்ச்சல் விலங்கு தின்கிறது, அதை வேட்டை விலங்கு தின்கிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும்போது தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போய்ச் சேர்கிறது, மீதி வெப்பமாகவும் கழிவாகவும் போய்விடுகிறது. ரேமண்ட் லிண்டமன் 1942-ல் ஓர் ஏரியை ஆராய்ந்து இந்தப் பாதையைக் காட்டினார். ஒரு புலி வாழப் பல நூறு மேய்ச்சல் விலங்குகள் வேண்டும், அவற்றுக்குப் பரந்த புல் வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

2. சத்துகளின் சுழற்சி. ஆற்றல் ஒரு வழிப் பயணம், சத்து அப்படி இல்லை. இலையும் சாணமும் பிணமும் மண்ணில் விழுகின்றன. பூஞ்சை, பாக்டீரியா, சாணி வண்டு, மண்புழு இவை அவற்றைச் சிதைத்து, தழைச்சத்தையும் மணிச்சத்தையும் மறுபடி வேருக்குக் கொடுக்கின்றன.

3. நீரின் ஓட்டம். பெய்த மழையில் எவ்வளவு ஆவியாகிறது, எவ்வளவு உடனே ஓடிவிடுகிறது, எவ்வளவு மண்ணுக்குள் தங்கிப் பிறகு கசிகிறது என்பதைத் தீர்மானிப்பது அந்த நிலத்தின் மேல் நிற்கும் தாவரம். கட்டுரையின் பிற்பகுதி முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு சூழல் மண்டலத்தில் ஓர் உறுப்பை மாற்றினால் இந்த மூன்று ஓட்டங்களும் மாறும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வைத்தோம், கணக்குச் சரியாகிவிட்டது என்று சொல்ல அங்கே வழியில்லை.

மேல்மலையின் இரண்டு நிலங்கள்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேலே, முக்குருத்தி, அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் போனால், மலை பெரும்பாலும் வெறும் புல். அலை அலையாகப் போகும் புல்மேடுகளின் மடிப்புகளில், ஓடை தொடங்கும் இடங்களில், கரும்பச்சையாகத் திட்டுத் திட்டாக மரக்கூட்டம் நிற்கும். அதற்குப் பெயர் சோலை.

சோலை மரங்கள் உயரமானவை அல்ல. காற்றின் அடியில் வளைந்து, முண்டும் முடிச்சுமாக, தலைகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே கூரைபோல நிற்கும். நாவல் இனத்து மரங்கள் அதிகம். உள்ளே நுழைந்தால் கிளையெல்லாம் பாசி, அதில் ஆர்க்கிட், கீழே கால் அமிழும் அளவுக்கு மட்கிய இலை. வெயில் நாளிலும் தரை ஈரமாக இருக்கும். வெளியே வந்தால் ஓர் அடி வித்தியாசத்தில் மரம் முடிந்து புல் தொடங்கிவிடும். இடையில் குட்டை மரம், புதர் என்று படிப்படியாகக் குறைவதே இல்லை. முதல் முறை பார்ப்பவர் யாரும், இங்கே மரத்தை யாரோ வெட்டித்தான் புல்லாகியிருக்கிறது என்றே நினைப்பார்கள். ஆங்கிலேயர் அப்படித்தான் நினைத்தார்கள். இன்றும் மரம் நட ஆசைப்படும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அந்தக் கூர்மையான எல்லையை வரைவதில் உறைபனிக்குப் பெரிய பங்கு உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வானம் தெளிவாக இருக்கும்போது, திறந்த புல்தரை தன் சூட்டை வேகமாக இழந்து உறைநிலைக்குக் கீழே போய்விடும். விடிகாலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும். அதே இரவில் சோலைக்குள் மரக்கூரை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். சோலை மரத்தின் விதை புல்லில் விழுந்து முளைத்தாலும், அந்தக் கன்று பனியில் கருகிப்போகிறது. புல்லுக்கு அது பெரிய இழப்பில்லை. மேலே கருகினாலும் அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. காற்றும், நெருப்பும், மண்ணின் ஆழமும் இதோடு சேர்ந்து வேலை செய்கின்றன.

புல்வெளி பழமையானது என்பதற்குச் சான்று சேற்றில் இருக்கிறது. மேல்மலைப் பள்ளங்களில் சிதையாத தாவர மிச்சம் அடுக்கடுக்காகப் படிந்த சதுப்புகள் உண்டு. வெப்பமண்டலப் புற்களில் பல, மரங்களைவிட வேறு முறையில் கார்பனைப் பிடிப்பதால், அந்த அடுக்குகளின் கார்பனைச் சோதித்தால் எந்தக் காலத்தில் புல் ஓங்கியது, எந்தக் காலத்தில் மரம் ஓங்கியது என்று தெரிந்துவிடும். ரா. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போய், அப்போதே இங்கே புல் இருந்ததைக் காட்டியது. வறண்ட காலங்களில் புல் பரந்தது, ஈரமான காலங்களில் சோலை பரந்தது. தேயிலைக்கும் பங்களாவுக்கும் மட்டுமல்ல, இந்த மலையில் உழவு தொடங்கியதற்கே பல ஆயிரம் ஆண்டுகள் மூத்த புல் இது.

அந்தப் புல்லை நம்பி வாழும் உயிர்களும் பழையவை. வரையாடு புல்லை மேய்ந்து பாறைச்சரிவில் ஒதுங்குவது. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை இந்த உயரத்துப் புல்வெளியில் மட்டுமே கூடு கட்டும். 2006-லும் 2018-லும் பூத்த நீலக்குறிஞ்சி புல்சரிவில் வளரும் செடி. தோடர்களின் எருமைகள் மேய்ந்தது இந்தப் புல்லில்தான். அவர்களுடைய கோயில்களின் வளைந்த கூரைக்கு வேயும் புல் எங்கும் கிடைப்பதில்லை, சதுப்பு ஓரங்களில் வளரும் ஒருவகை. சதுப்பு காய்ந்தால் அந்தப் புல் போகும், பிறகு கூரை வேய வேறு எங்கே தேடிப் போவது?

ஒரே சொல், மூன்று கணக்கு

செய்தியில் 'காடு' என்று வரும்போது அது குறைந்தது மூன்று வெவ்வேறு பொருள்களில் ஒன்றாக இருக்கும்.

1. சட்டத்தின் காடு. அரசு ஆவணத்தில் காப்புக்காடு, பாதுகாக்கப்பட்ட காடு என்று பதிவான நிலம். இந்தியாவில் இது ஏறத்தாழ 7.75 லட்சம் சதுர கி.மீ. அங்கே மரம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. முக்குருத்தியின் புல்வெளி சட்டப்படி காடுதான்.

2. செயற்கைக்கோளின் காடு. இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் வெளியிடும் அறிக்கையில் 'காட்டுப்பரப்பு' என்பதற்கு விளக்கம் இது: குறைந்தது 1 ஹெக்டேர் நிலம், அதில் மரத்தலைகளின் நிழல் 10 சதவீதத்துக்கு மேல். யாருக்குச் சொந்தம், என்ன மரம், எதற்கு நட்டது என்ற கேள்விகளே கிடையாது. 70 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை ஓரளவு அடர்ந்தது, 10 முதல் 40 வரை திறந்த காடு. 10-க்குக் கீழே இருந்தால் அது காட்டுப்பரப்பில் சேராது.

3. சூழல் மண்டலமாகிய காடு. சோலையைப்போல, தனக்கென்று இனங்களும் மண்ணும் நீரோட்டமும் கொண்டு, தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. இதை அளக்கும் ஆண்டறிக்கை எதுவும் செய்தியில் வருவதில்லை.

இரண்டாவது விளக்கத்தின்படி மாந்தோப்பும் தென்னந்தோப்பும் மூங்கிலும் காட்டுப்பரப்பு. கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோட்டமும் அதில் சேரும். உலக உணவு வேளாண் அமைப்பும் 10 சதவீத நிழலைத்தான் அளவாக வைக்கிறது, ஆனால் விவசாயப் பயன்பாட்டில் உள்ள மரத்தோப்பைக் காட்டில் சேர்க்காது. அந்த ஒரு விலக்கு நம் விளக்கத்தில் இல்லை.

2023-ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இப்போது பிரித்துப் பாருங்கள். கூடியதாகச் சொன்ன 1,445 சதுர கி.மீ.யில் காட்டுப்பரப்பின் பங்கு 156 மட்டும். மற்ற 1,289-உம் 'மரப்பரப்பு', அதாவது பதிவான காட்டுக்கு வெளியே 1 ஹெக்டேருக்கும் குறைவான திட்டுகளாகவும் தனி மரங்களாகவும் நிற்பவை. வயல் வரப்பு, சாலையோரம், வீட்டுத் தோட்டம். அவையும் வேண்டும், நிழலும் வருமானமும் தருபவை. ஆனால் 'காடு கூடியது' என்று தலைப்பு வைத்தால் வாசகர் மனதில் எழும் படத்துக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு மெலிதானது.

நீலகிரிக்கு இதில் ஒரு குறிப்பிட்ட சிக்கல் உண்டு. மேல்மலைப் புல்வெளி செயற்கைக்கோளின் கணக்கில் காட்டுப்பரப்பு இல்லை. அதன் மேல் அந்நிய மரம் படர்ந்து நிழல் 10 சதவீதத்தைத் தாண்டிய அன்று, அது காட்டுப்பரப்பு ஆகிவிடும். ஒரு சூழல் மண்டலம் அழிந்தது, அறிக்கையில் கூட்டலாகப் பதிவாகும். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்று 2022-ல் தொடங்கியது. 33 என்ற அளவு 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையிலிருந்து வருவது, மலைப்பகுதிக்கு அந்தக் கொள்கை மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறது. சமவெளியின் தரிசில் நாட்டு மரம் வைத்து இந்த எண்ணை எட்டினால் எனக்கு முழு மகிழ்ச்சி. எங்கே நடக்கூடாது என்ற பட்டியலும், நடுகிற இடத்தின் பட்டியல் அளவுக்குக் கவனமாகத் தயாராக வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சட்டத்தின் காடு பற்றி ஒரு வார்த்தை. அதன் பொருளை இன்று நாடே விவாதிப்பதற்குக் காரணமான வழக்கு நீலகிரியின் கூடலூரிலிருந்து புறப்பட்டது. அங்கே காடு வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, பதிவு எதுவாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருக்கும் நிலம் எல்லாவற்றுக்கும் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. 2023-ல் நாடாளுமன்றம் செய்த திருத்தம், அறிவிக்கப்பட்ட அல்லது பதிவான காட்டோடு சட்டத்தை நிறுத்திக்கொண்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் தங்கள் பதிவேட்டை முடிக்கும்வரை 1996-ஆம் ஆண்டுப் பொருளையே பின்பற்றச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. அகராதிப் பொருள் பதிவில்லாத காட்டுக்குக் காவல். புல்வெளிக்கு அது உதவாது, அகராதியிலும் காடு என்றால் மரம்தானே.

புல்லின் மேல் மரம் வந்த வழி

ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை (வாட்டில்) மரமும் கற்பூர மரமும் நீலகிரிக்கு வந்தது 1840-களில். முதலில் விறகுக்கு. ஊட்டியில் குடியேறிய ஆங்கிலேயருக்குக் குளிர்காய விறகு வேண்டும், சோலை வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. விடுதலைக்குப் பிறகு இது பெரிய அளவில் வளர்ந்தது. தோல் பதனிட வேண்டிய துவர்ப்பொருளுக்காகச் சீகையையும், சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ்மரம் கொடுப்பதற்காகக் கற்பூர மரத்தையும் புல்வெளிகளில் வரிசை வரிசையாக நட்டார்கள். அன்றைய அதிகாரிகளின் பார்வையில் புல்வெளி 'பயனற்ற' நிலம்.

கற்பூர மரம் பெரும்பாலும் நட்ட இடத்தோடு நின்றது. சீகை அப்படி நிற்கவில்லை. அது அவரை இனத்தைச் சேர்ந்தது, காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேரில் பிடித்து மண்ணில் சேர்க்கும். வறிய மண்ணுக்குப் பழகிய புல்லுக்கு அந்த உபரி உரம் பாதகம். சீகைக் கன்று, சோலைக் கன்றைவிட உறைபனியைத் தாங்கும். ஆக, பல்லாயிரம் ஆண்டு புல்லைக் காத்த பனி இந்த ஒரு மரத்துக்கு முன்னால் தோற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளைச் செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்ட ஆய்வொன்று, 1973-க்கும் 2017-க்கும் இடையில் சுமார் 340 சதுர கி.மீ. புல்வெளி, அதாவது இருந்ததில் 23 சதவீதம், அந்நிய மரங்களுக்குப் போய்விட்டதாகக் கண்டது.

தண்ணீருக்கு என்ன ஆனது

'மரம் இருந்தால் மழை வரும், ஆறு ஓடும்' என்பது பள்ளியில் படித்தது. மேல்மலைப் புல்வெளியில் அது சரிதானா என்று நேராகச் சோதித்துப் பார்த்த இடம் ஊட்டிக்கு அருகே உள்ள கிளன்மார்கன்.

உதகமண்டலத்தில் இருக்கும் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர், இரண்டும் புல்லும் சோலையும் சதுப்பும் கலந்தவை. 1968 முதல் சில ஆண்டுகள் இரண்டின் ஓடையிலும் வரும் நீரை அப்படியே அளந்தார்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்பது தெரிந்தபின், 1972-ல் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 59 சதவீத நிலத்தில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதைத் தொடவில்லை. மழை, மண், சரிவு எல்லாம் ஒன்றாகவே இருப்பதால், பிறகு தெரியும் வித்தியாசம் மரத்தால் வந்தது.

முதல் பத்தாண்டுச் சுற்றில், மரம் நட்ட பக்கம் ஓடைக்கு வந்த நீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிமரத்திலிருந்து மறுதுளிர் விட்ட இரண்டாவது சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. கோடையில் கசிந்து வரும் அடியோட்டம்தான் அதிகம் அடிபட்டது.

காரணம் எளிது. மேல்மலைப் புல்லுக்கு வேர் ஆழமில்லை, பனிக்காலத்திலும் வறட்சியிலும் காய்ந்து ஓய்வெடுக்கும், அந்த மாதங்களில் மண்ணின் நீரைத் தொடாது. மண்ணும் சதுப்பும் பருவமழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகின்றன. கற்பூர மரம் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருந்து, ஆழத்தில் வேர் விட்டு, இலை வழியே நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும்.

இந்த ஓடைகள் எங்கே போகின்றன என்று பார்த்தால் இது மலைக்காரர்களின் கவலையோடு முடியாது என்பது விளங்கும். முக்குருத்திப் பக்கம் பிறக்கும் நீர் பைக்காராவாக ஓடி, 1932-லிருந்து மின்சாரம் கொடுத்து, மோயாறாகிப் பவானிசாகரில் சேர்கிறது. பவானியும் இதே மேல்மலையின் தென்மேற்கில் பிறந்து, அட்டப்பாடி வழியே சுற்றி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து அதே அணையில் சேர்கிறது. கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஈரோட்டு விவசாயியின் கணக்கில், 2,200 மீட்டர் உயரத்துப் புல்லும் ஒரு வரி.

இனக்கூட்டம்: வரையாட்டை எண்ணுவது

ஒரே இனத்தைச் சேர்ந்த, ஒரே இடத்தில் வாழ்ந்து தங்களுக்குள் இனம் பெருக்கக்கூடிய உயிர்களின் தொகுதி இனக்கூட்டம். அதன் எண்ணிக்கையை மாற்றுவது நான்கே விஷயங்கள்: பிறப்பு, இறப்பு, உள்ளே வருவது, வெளியே போவது. செய்தியில் வரும் எண்ணுக்கு ஐந்தாவதாக ஒன்று உண்டு. எவ்வளவு இடத்தில், எவ்வளவு நன்றாக எண்ணினார்கள் என்பது.

2024-ல் 1,031, 2025-ல் 1,303. ஓராண்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. பெண் வரையாடு வழக்கமாக ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும், பிறக்கும் குட்டிகளில் பல முதல் ஆண்டைத் தாண்டாது. அப்படிப்பட்ட விலங்கு பிறப்பால் மட்டும் இந்த வேகத்தில் பெருகுவது கடினம். 2025-ல் கணக்கெடுத்த பகுதிகள் கூடின, கேரளத்தோடு ஒரே நாட்களில் சேர்ந்தும் எண்ணினார்கள். இரு மாநிலத்துக்கும் சேர்த்து 2,668 என்று வந்தது. ஆக, கூடுதலில் ஒரு பகுதி புதிதாகப் பிறந்தது, ஒரு பகுதி முன்பே இருந்து இப்போது கண்ணில் பட்டது. இதில் குறை ஒன்றுமில்லை. வரையாடு பாதுகாப்புக்கென்று 2022-ல் 25.14 கோடி ரூபாயில் அறிவித்த திட்டத்தின் முதல் பலனே இப்படி ஒழுங்காக எண்ணத் தொடங்கியதுதான். இரண்டு மூன்று ஆண்டு ஒரே இடங்களில் ஒரே முறையில் எண்ணிய பிறகே 'பெருகுகிறது' என்று உறுதியாகச் சொல்லலாம்.

மொத்த எண்ணைவிட, அது எத்தனை துண்டாக இருக்கிறது என்பது முக்கியம். நீலகிரியின் வரையாடுகளுக்கு முக்குருத்தியின் மேற்கு விளிம்புதான் முதன்மையான இடம். அதற்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாய், அதைத் தாண்டித்தான் ஆனைமலையும் இரவிகுளமும். பாறைச்சரிவை விட்டு அதிகம் விலகாத ஒரு விலங்கு, சுமார் 30 கி.மீ. அகலமுள்ள தாழ்நிலத்தையும் ஊர்களையும் கடந்து வராது. முக்குருத்திக் கூட்டத்துக்கு 'உள்ளே வருவது' என்ற வழி அடைபட்டிருக்கிறது. ஒரு நோய், ஒரு பெரும் தீ, தொடர்ந்து சில மோசமான ஆண்டுகள் வந்தால் அந்த இழப்பை வெளியிலிருந்து யாரும் நிரப்ப மாட்டார்கள். சிறு கூட்டத்துக்குள் நெருங்கிய உறவில் இனம் பெருகுவதும் காலப்போக்கில் பலவீனமாக்கும்.

சீகை படர்ந்தால் வரையாட்டுக்கு இரட்டை நட்டம். மேய்ச்சல் சுருங்குகிறது. திறந்த புல்லில் தூரத்திலேயே தெரியும் சிறுத்தையும் புலியும், மரமறைவில் பக்கத்தில் வரும்வரை தெரியாது.

தாங்குதிறன்: ஆட்டுக்கும் ஊட்டிக்கும்

பியர் வெர்ஹுல்ஸ்ட் என்ற பெல்ஜியக் கணித அறிஞர் 1838-ல் ஒரு சமன்பாடு எழுதினார். கூட்டம் சிறிதாக இருக்கும்போது வேகமாகப் பெருகும், உணவும் இடமும் நெருக்கும்போது வேகம் குறையும், ஓர் அளவில் பிறப்பும் இறப்பும் சமமாகி நிற்கும் என்றார். அந்த அளவை இன்று தாங்குதிறன் என்கிறோம். அது நிலையான எண் அல்ல. புல் சுருங்கினால் தாங்குதிறனும் சுருங்கும்.

நீலகிரி, கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலா வண்டிகள் பற்றிய வழக்கில் நீதிமன்றம் பயன்படுத்தியதும் இதே சொல். 2024 மே 7 முதல் இ-பாஸ் என்ற இணையவழி நுழைவு அனுமதி வந்தது, அதன் எண்களையும் சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎம் ஆய்வையும் வைத்து நிரந்தர வரம்பு தீர்மானிப்பது நோக்கம். ஆனால் மனிதருக்குத் தாங்குதிறன் கணக்கிடுவது ஆட்டுக்குப்போல நேரானது அல்ல. ஊட்டிக்கு அரிசி மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிறது. தட்டுப்பாடு வருவது சாலையில், குடிநீரில், குப்பை கொட்டும் இடத்தில், கழிவுநீரில். இவற்றில் எது முதலில் நிரம்புகிறதோ அதுவே வரம்பு.

'மக்கள்தொகைதான் பிரச்சினை' என்று எளிதாகச் சொல்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் 7,62,141. 2011-ல் 7,35,394. பத்தாண்டில் இருபத்தாறாயிரத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. வசிப்பவர் குறைய, வந்துபோகிறவர் பெருக, மலையின் மேல் பாரம் கூடியிருக்கிறது. தலை எண்ணிக்கையோடு ஒரு தலைக்கு எவ்வளவு நீர், எவ்வளவு கட்டடம், எவ்வளவு எரிபொருள் என்பதைப் பெருக்காமல் இதில் எந்த முடிவுக்கும் வர முடியாது.

மீட்பு வேலை எப்படி நடக்கிறது

ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று தமிழ்நாடு 2022-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. சீகையும் உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் அதன் முக்கிய இலக்குகள். மேல்மலையில் இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு.

1. முதலில், அதிகம் அடராத இடம். புல் இன்னும் உயிரோடிருந்து, நடுவில் அங்கங்கே சீகை முளைத்த நிலத்தில் கன்றுகளை வேரோடு பிடுங்கிவிட்டால் புல் தானே மூடிக்கொள்ளும். செலவு குறைவு, பலன் உறுதி. முழுத் தோப்பில் கை வைப்பதைவிட இதை முந்திச் செய்ய வேண்டும்.

2. முற்றிய தோப்பை ஒரே வெட்டாக வெட்டுவது ஆபத்து. திறந்த மண்ணில் வெயில் பட்டதும், பல பத்தாண்டுகள் உறங்கக்கூடிய சீகை விதைகள் கூட்டமாக முளைக்கும். அதோடு ஸ்காட்ச் புரூம் போன்ற வேறு அந்நியப் புதர்களும் இடம் பிடிக்கும்.

3. சில பழைய தோப்புகளின் நிழலில், பனியிலிருந்து தப்பிச் சோலைக் கன்றுகள் தாமே முளைத்திருக்கின்றன. பழனி மலையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே சீகையை வெட்டினால் வளர்ந்துவரும் சோலையையும் சேர்த்து இழப்போம். அப்படிப்பட்ட இடத்தைச் சோலையாக வளரவிட்டு, காத்திருந்து மெலிய வைப்பதே சரி என்பது என் கருத்து. எல்லா இடத்தையும் புல்லாகத்தான் மீட்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு ஆதாரம் இல்லை.

4. வெட்டிய நிலத்தில் நாட்டுப் புல்லை நட வேண்டும். தூரைப் பிரித்து நாற்றங்காலில் பெருக்கி, மழை தொடங்கும்போது கொத்துக் கொத்தாகக் கையால் ஊன்றும் வேலை. தீமீடா, கிரைசோபோகன் போன்ற மேல்மலைப் புற்களின் நாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது. பக்கத்து மேட்டில் பிழைத்திருக்கும் புல்லிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

5. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்குப் பின் ஆட்கள் வரிசையாக நடந்து, முழங்கால் உயரத்துக்கு வரும்முன் சீகைக் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். இதற்குத்தான் பணம் நிற்பதில்லை. வரையாட்டுத் திட்டத்தின் காலம் 2022 முதல் 2027 வரை, ஐந்தாண்டு. மண்ணுக்குள் இருக்கும் சீகை விதையின் ஆயுள் அதைப்போலப் பல மடங்கு. கன்று பிடுங்கும் கூலி எந்தத் தலைப்பில், எந்த ஆண்டுவரை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை, அகற்றிய ஹெக்டேர் எண்ணோடு சேர்த்து ஒவ்வொரு வன வட்டமும் வெளியிட வேண்டும்.